ராஜாளியின் ஓடுபாதை: புத்தளம் போர்க்கால விமானத் தளத்தின் வரலாறும் வசதிகளும்

எத்தாளையிலிருந்து புத்தளம் நகருக்கோ கொழும்புக்கோ பயணம் செய்கின்ற எவரும் பாலாவிச் சந்தியைக் கடந்தே செல்ல வேண்டும். கற்பிட்டித் தீபகற்பத்தின் வாசல் என்று அதனைக் கூறலாம். உப்பளங்களும் தென்னந்தோட்டங்களும் கடல்நீரேரியின் காற்றும் சூழ்ந்த அப்பிரதேசத்தில் இலங்கை விமானப்படையின் நிலையமொன்று இருப்பதை எமது மக்கள் அறிவர். ஆனால், அந்நிலையத்தின் வேர் இரண்டாம் உலகப் போருக்குள் செல்கின்றது என்பதையும், உலகின் மிகப் பெரிய கடற்படைகளுள் ஒன்று தனது விமானங்களை இங்கு இறக்கி வைத்திருந்தது என்பதையும் அறிந்தோர் சிலரே.

எமது ஊர்களின் வரலாறு எழுதப்படும்போது அரபு வணிகர்களின் வருகையும், 1344 ஆம் ஆண்டில் இப்னு பதூதா இக்கரையில் இறங்கியமையும், ஒல்லாந்தர் கற்பிட்டியில் கட்டிய கோட்டையும் தவறாது இடம்பெறுகின்றன. அது பொருத்தமானதே. எனினும் அண்மைய நூற்றாண்டில் எமது நிலத்தின் மீது நிகழ்ந்த பெரும் மாற்றங்களை நாம் போதிய அளவு பதிவு செய்துள்ளோமா என்பது சிந்திக்க வேண்டிய வினாவாகும். ஒரு விமானத் தளம் என்பது ஓடுபாதையும் கொட்டகைகளும் மட்டுமன்று. அது ஒரு காலத்தில் பிறருடைய நிலமாக இருந்தது. பிறருடைய உழைப்பால் உருவானது. போர் முடிந்த பின்னரும் அயலவரின் வாழ்வைத் தீர்மானிப்பது. அந்த நோக்கிலேயே புத்தளம் விமானத் தளத்தின் வரலாற்றை இங்கு தொகுத்துத் தருகின்றோம்.

1942: இலங்கை போர்முனையான ஆண்டு

போர் தொடங்கிய காலத்தில் இலங்கையின் விமான வசதிகள் மிகச் சொற்பமாகவே இருந்தன. கொழும்புக்கு அருகே 1935 ஆம் ஆண்டில் பாவனைக்கு வந்த இரத்மலானை விமான நிலையமும், திருகோணமலையில் சீனக்குடாத் தளமுமே குறிப்பிடத்தக்கவை. ஐரோப்பாவில் நடைபெற்ற போர் இந்து சமுத்திரத்தை எட்டாது என்றே பலர் எண்ணியிருந்தனர்.

1942 பெப்ரவரி 15 ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தமை அந்த நம்பிக்கையைத் தகர்த்தது. அடுத்து பர்மாவும் ஜப்பானியர் வசமானது. பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றதால் இலங்கையின் சாதாரண குடும்பங்கள் பங்கீட்டு அரிசியை நம்பி வாழும் நிலை ஏற்பட்டது. பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படைக்கு எஞ்சிய பெரும் துறைமுகங்கள் கொழும்பும் திருகோணமலையுமே. மாலைதீவின் அத்து பவளத்தீவில் இரகசியத் தளமொன்றும் அமைக்கப்பட்டிருந்தது.

1942 ஏப்ரல் 4 ஆம் திகதி கொக்கலையிலிருந்து புறப்பட்ட கனேடியப் படைப்பிரிவின் கடல் விமானமொன்று, இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு தகவல் அனுப்பியது. அதன் தலைமை விமானி லெனார்ட் பேர்ச்சால் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாளான உயிர்த்த ஞாயிறு தினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே நாளில் டோர்செற்ஷயர், கோர்ன்வால் என்னும் இரு போர்க் கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஏப்ரல் 9 ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 300 இற்கும் மேற்பட்டோருடன் அழிந்தது.

ஹேர்மிஸ் அழிந்த விதமே எமது விடயத்துக்கு மிக நெருக்கமானது. அத்தருணத்தில் அக்கப்பலில் தாக்குதல் விமானங்கள் இருக்கவில்லை. தரையிலிருந்து அதற்குத் தேவையான பாதுகாப்பும் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. வானிலிருந்து காவல் இல்லாத கடற்படை கரைக்கு அருகிலும் பாதுகாப்பற்றதே என்ற பாடத்தைப் பிரித்தானியர் பெரும் விலை கொடுத்துக் கற்றனர். கிழக்குக் கடற்படையின் பெரும்பகுதி கிழக்கு ஆபிரிக்காவின் கிலிந்தினித் துறைமுகத்துக்குப் பின்வாங்கியது. இலங்கையிலோ விமானத் தளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழத் தொடங்கின. கொழும்புக் குதிரைப் பந்தயத் திடல் கூட ஏற்கெனவே ஓடுபாதையாக மாற்றப்பட்டிருந்தது. நீர்கொழும்பு, கட்டுக்குருந்த, மின்னேரியா, சிகிரியா, வவுனியா, காங்கேசன்துறை எனத் தீவெங்கும் விரிந்த அந்தத் தளவரிசையில் புத்தளமும் ஓரிடம் பெற்றது.

புத்தளம் ஏன் தெரிவானது?

விமானத் தளமொன்றுக்கு முதலில் வேண்டியது தடையற்ற சமதரை. அடுத்து வேண்டியது ஆண்டின் பெரும்பகுதியிலும் தெளிவான வானம். உலர் வலயத்தின் மேற்குக் கரையிலுள்ள புத்தளம் இவ்விரண்டையும் கொண்டிருந்தது. மலைகள் இல்லை, பெரும் மழை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தையும் அதற்கு முந்திய இடைப்பருவத்தையும் சார்ந்தே பெய்கின்றது.

மூன்றாவது தேவை போக்குவரத்து. சிலாபம் வரை வந்திருந்த புகையிரதப் பாதை 1926 ஆம் ஆண்டில் புத்தளம் வரை நீடிக்கப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்விடத்துக்கு எரிபொருளையும் இயந்திர உதிரிகளையும் கொண்டுவருவதற்குப் பாதையும் தண்டவாளமும் இரண்டும் இருந்தன.

நான்காவது, கடலின் அண்மை. கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் கப்பலிலிருந்து புறப்படும் விமானம் குறுகிய நேரத்தில் புத்தளத்தை அடையலாம். தீவின் குறுக்கே பறந்தால் திருகோணமலையும் தொலைவன்று. இரு துறைமுகங்களுக்கும் பொதுவான இடமாக இது அமைந்தது.

கப்பல் அல்லாத கப்பல்

புத்தளம் தளம் 1943 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானிய அரச கடற்படையின் விமான நிலையமாகப் பணியில் அமர்த்தப்பட்டது. பிரித்தானியக் கடற்படை தனது கரைத் தளங்களையும் கப்பல்களாகவே கருதிப் பெயரிடும். தரையில் நிற்கும் நிலையத்தின் அதிகாரிகளும் மாலுமிகளும் கப்பலொன்றில் பணிபுரிவோராகவே பதியப்படுவர். சமையற்கூடம், படுக்கை அறை முதலிய யாவும் கப்பற் சொற்களாலேயே அழைக்கப்படும். விமான நிலையங்களுக்குப் பறவைகளின் பெயரைச் சூட்டுவது இவ்வழக்கத்தின் ஒரு பகுதி. அவ்வகையில் புத்தளம் நிலையம் பெற்ற பெயர் எச்.எம்.எஸ். ராஜாளிய என்பதாகும்.

ராஜாளிய என்பது கழுகைக் குறிக்கும் சிங்களச் சொல். தமிழில் ராஜாளி என்று வழங்குவதும் அதன் உறவுச் சொல்லே. கட்டுக்குருந்த நிலையத்துக்குப் பருந்தினத்தைக் குறிக்கும் உக்குஸ்ஸ என்ற சிங்களப் பெயரும், கொழும்புப் பந்தயத் திடலுக்கு இருதலைப் பறவையைக் குறிக்கும் பேருண்ட என்ற பெயரும் சூட்டப்பட்டன. பாக்கு நீரிணையின் அக்கரையில் அதே கடற்படை தமிழ்ச் சொற்களையே எடுத்தாண்டது. தாம்பரம் நிலையம் வல்லூறு; சூலூர் வைரி; கொச்சி கழுகு; கோயம்புத்தூர் கருடன். போரின் அவசரத்திலும் இந்த மண்ணின் பறவைகளை ஏதோ ஓர் அதிகாரி தேடிப் பிடித்திருக்கின்றார் என்பது சுவையான செய்தியாகும். பின்னாளில் இந்தியக் கடற்படை கொச்சியிலுள்ள தனது விமானத் தளத்துக்குக் கருடா என்றும், 1992 ஆம் ஆண்டில் அரக்கோணத்தில் அமைந்த தளத்துக்கு ராஜாளி என்றும் பெயரிட்டது. புத்தளத்தில் மறைந்த பெயர் அக்கரையில் இன்றும் வாழ்கின்றது எனலாம்.

கடற்படை விமானத்துக்குத் தரை எதற்கு?

விமானந்தாங்கிக் கப்பலில் வாழும் விமானங்களுக்குத் தரைத்தளம் எதற்கு என்ற ஐயம் எழக்கூடும். அதற்கான விடை காற்றில் இருக்கின்றது. விமானந்தாங்கியின் தளம் குறுகியது. அதிலிருந்து விமானம் எழ வேண்டுமாயின் கப்பல் காற்றை எதிர்த்து விரைவாகச் செல்ல வேண்டும். கப்பலின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்தே விமானத்தைத் தூக்குகின்றன. துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் விமானங்கள் அந்நாளில் பெரும்பாலும் சிறைப்பட்ட பறவைகளாகவே இருந்தன.

ஆகவே கப்பல் துறைமுகத்தை அடையும் முன்னரே விமானங்கள் பறந்து சென்று கரைத் தளமொன்றில் இறங்கிவிடும். கப்பல் எரிபொருள் ஏற்றும் நாட்களிலும், பழுது பார்க்கும் வாரங்களிலும் விமானிகள் கரையிலிருந்தவாறு பயிற்சியைத் தொடர்வர். கப்பல் மீண்டும் புறப்பட்டதும் கடலில் வைத்து அதனுடன் இணைவர். புத்தளத்தின் முதன்மைப் பணி இதுவே. கரைக்கு வந்த படைப்பிரிவுகளைத் தாங்குவதும், அவற்றை அடுத்த தாக்குதலுக்கு ஆயத்தப்படுத்துவதும் இத்தகைய நிலையத்தின் கடமைகளாகும்.

கப்பலில் இறங்கும் பயிற்சியும் தரையிலேயே ஆரம்பமாகும். ஓடுபாதையின் ஒரு பகுதியில் கப்பல் தளத்தின் எல்லைகள் குறிக்கப்படும். கைகளில் தட்டுக்களை ஏந்திய அதிகாரி ஒருவர் ஓரத்தில் நின்று, விமானம் உயர்ந்து வருகின்றதா, தாழ்ந்து வருகின்றதா, வேகம் கூடுதலா என்பதைச் சைகைகளால் உணர்த்துவார். குறித்த சிறு பகுதிக்குள் இறங்கப் பழகிய பின்னரே ஆடும் கடலில் இறங்க அனுமதி கிடைக்கும். இளம் விமானிகள் பலர் எதிரியின் குண்டைக் காணும் முன்னரே இப்பயிற்சிகளில் உயிரிழந்தனர் என்பதைக் கடற்படை விமானப் போரின் வரலாறு சொல்கின்றது.

தளத்தின் வசதிகள்

இத்தகைய கடற்படை விமான நிலையமொன்று சிறு பட்டினத்துக்கு ஒப்பானது. ஓடுபாதையும் அதனை ஒட்டிய துணைப் பாதைகளும் அதன் முதுகெலும்பு. விமானங்களை ஒரே இடத்தில் நிறுத்தினால் ஒரு குண்டு எல்லாவற்றையும் அழித்துவிடும். எனவே அவற்றை மரங்களின் ஓரமாகப் பிரித்து நிறுத்துவதற்கான தரிப்பிடங்கள் தேவை. கட்டுப்பாட்டுக் கோபுரம், வானொலித் தொடர்பு நிலையம், வானிலை அவதானிப்பு, இயந்திரத் திருத்தகம், எரிபொருட் களஞ்சியம், ஏனைய கட்டடங்களிலிருந்து விலகிய வெடிமருந்துக் களஞ்சியம், வைத்திய விடுதி, சமையற்கூடங்கள், நீர் விநியோகம் ஆகியன அடுத்தடுத்து வரும்.

போர்க்காலத்தில் சீமெந்தும் இரும்பும் அரிதாக இருந்தமையால் இலங்கைத் தளங்களின் தங்குமிடங்களில் உள்ளூர்ப் பொருட்கள் பெரிதும் பயன்பட்டன. மரக் கம்புகளின் மீது கிடுகு வேய்ந்த கொட்டகைகளில் விமானிகளும் மாலுமிகளும் தங்கினர். இங்கிலாந்திலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த இளைஞர்கள் எமது பாட்டன்மார் வாழ்ந்த அதே கூரையின் கீழ் உறங்கினர் என்று சொன்னால் மிகையன்று. நுளம்பு வலையும் மலேரியாத் தடுப்பு மாத்திரையும் அவர்களுடைய அன்றாடத் தேவைகள். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் பல்லாயிரம் உயிர்களைக் காவுகொண்ட மலேரியாக் கொள்ளைநோயின் நினைவு அக்காலத்தில் இம்மாவட்டத்தை விட்டு அகன்றிருக்கவில்லை. டி.டி.ரி. மருந்து பெருமளவில் தெளிக்கப்பட்டு நோய் தணிந்தது போருக்குப் பின்னரே.

யானைகள் இழுத்த விமானங்கள்

புத்தளம் தளத்தைப் பற்றிப் போர் வரலாற்று நூல்கள் குறிப்பிடும் போதெல்லாம் தவறாது இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. அது யானைகளைப் பற்றியது.

இங்கு நிலைகொண்ட விமானங்களுள் முக்கியமானது அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட கோர்செயார் என்னும் போர் விமானம். வளைந்த சிறகுகளும் 2,000 குதிரை வலு கொண்ட இயந்திரமும் உடையது. எரிபொருளும் ஆயுதமும் ஏற்றினால் ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட எடை கொண்டது. பிரித்தானியக் கப்பல்களின் உட்கொட்டகை உயரம் குறைந்ததாகையால், மடித்த சிறகுகள் முட்டாதிருக்கும் பொருட்டுச் சிறகு நுனிகள் ஒவ்வொன்றிலும் எட்டு அங்குலம் குறைக்கப்பட்டது.

மழைக் காலத்தில் ஓடுபாதையிலிருந்து சற்று விலகினாலும் இப்பாரிய விமானத்தின் சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிடும். உழவு இயந்திரங்களும் அதே சேற்றில் சிக்கிக்கொள்ளும். அந்நிலையில் உதவியவை யானைகளே. விமானத்துடன் கயிற்றைப் பிணைத்து, பாகனின் சொல்லுக்கு அடங்கி, அதனைத் தரிப்பிடத்துக்கு இழுத்துச் செல்லும் யானைகளின் போர்க்காலப் புகைப்படங்கள் உலகெங்கும் பரவியுள்ளன. அந்நாளின் அதிநவீன இயந்திரத்தை ஆயிரமாண்டுப் பழமையான தொழிலறிவு மீட்டெடுத்த காட்சி அது.

ஆனால் அப்புகைப்படங்களை மேற்குலகு பார்க்கும் விதத்துக்கும் நாம் பார்க்க வேண்டிய விதத்துக்கும் வேறுபாடு உண்டு. அவர்களுக்கு அது விநோதம். எமக்கோ அது வேலை. யானையின் கழுத்தில் அமர்ந்திருக்கும் பாகன் ஒரு தொழிலாளி. நிலத்தைச் சமப்படுத்தியவர்கள், கல் உடைத்தவர்கள், கிடுகு பின்னிய பெண்கள், சமையற்கூடங்களில் நின்றவர்கள் எனப் போர்க்காலத் தளங்களின் பின்னால் உள்ளூர் மக்களின் பெரும் உழைப்பு இருந்தது. விமானிகள் தமது நினைவுகளை நூல்களாக எழுதினர். உழைத்தவர்களின் நினைவு பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட கதைகளாக மட்டுமே எஞ்சியது.

சுமாத்திரா வரை சென்ற நிழல்

1944 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்குக் கடற்படை மீண்டும் திருகோணமலைக்குத் திரும்பியது. இலஸ்ட்ரியஸ் என்னும் விமானந்தாங்கி ஜனவரியில் வந்து சேர்ந்தது. விக்டோரியஸ், இன்டோமிற்றபிள் ஆகியன பின்னர் இணைந்தன. தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தளபதி மவுண்ட்பேட்டன் பிரபு அதே ஆண்டு ஏப்ரலில் தமது தலைமையகத்தைக் கண்டிக்கு அருகே பேராதனைக்கு மாற்றினார். தற்காப்பிலிருந்த இலங்கை தாக்குதலின் களமாக மாறியது.

1944 ஏப்ரல் 19 இல் சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங் துறைமுகமும், மே 17 இல் ஜாவாவின் சுரபாயாவும், 1945 ஜனவரி 24, 29 ஆம் திகதிகளில் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் கப்பல் விமானங்களால் தாக்கப்பட்டன. இத்தாக்குதல்களுக்கான ஆயத்தப் பயிற்சிகளில் இலங்கையின் கடற்படை விமானத் தளங்கள் பெரும் பங்கு வகித்தன. ஜேர்மனியும் இக்கடலில் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. 1943 முதல் மலாயாவின் பினாங்கைத் தளமாகக் கொண்ட ஜேர்மன் நீர்மூழ்கிகள் இந்து சமுத்திரத்தின் வணிகக் கப்பல்களை வேட்டையாடின. இலங்கையிலிருந்து பறந்த ரோந்து விமானங்கள் அவற்றுக்கும் எதிராகவே கடலைத் துழாவின.

இத்தாக்குதல்களின் மறுபக்கத்தையும் நாம் காண வேண்டும். சபாங்கிலும் பலெம்பாங்கிலும் வாழ்ந்தவர்கள் ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கீழ் வாடிய சுமாத்திராவின் மக்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள். எமது கரையிலுள்ள தளங்களில் நடைபெற்ற ஆயத்தம் அவர்களின் வானத்தில் நெருப்பாக இறங்கியது. அதிலே பிரித்தானியரோ ஜப்பானியரோ இந்த மக்களின் சம்மதத்தைக் கேட்டவர்கள் அல்லர்.

போருக்குப் பின்

1945 ஒகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. அவ்வாண்டின் இறுதிக்குள் புத்தளத்தின் கடற்படை நிலையம் மூடப்பட்டது. ராஜாளிய என்ற கப்பற் பெயரும் பட்டியலிலிருந்து நீங்கியது. பிரித்தானியர் நீர்கொழும்பையும் திருகோணமலையையும் மட்டும் தக்க வைத்துக்கொண்டு, சுதந்திரத்துக்குப் பின் 1957 ஆம் ஆண்டு வரை அங்கு இருந்தனர்.

போர்க்காலத் தளங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதிக்கு உள்ளாயின. நீர்கொழும்புத் தளம் இன்று கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையமாக நாட்டின் தலைவாசலாக விளங்குகின்றது. கொழும்புப் பந்தயத் திடல் மீண்டும் நகர மக்களின் திடலாயிற்று. சீனக்குடா, கட்டுக்குருந்த, சிகிரியா, வவுனியா, மின்னேரியா ஆகியன விமானப்படையின் பயன்பாட்டுக்கு வந்தன. பாலாவியும் அவ்வாறே விமானப்படை நிலையமாக நீடிக்கின்றது.

காங்கேசன்துறைத் தளம், அதாவது பலாலி, இவற்றுள் தனித்த வரலாறு கொண்டது. 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி ஊடாகவே சென்னைக்குப் பறந்தது. போர்த் தளமொன்று சமாதானத்தின் பாலமாக மாறிய நற்பொழுது அது. ஆனால் 1990 இன் பின்னர் அதே ஓடுபாதையைச் சுற்றிய கிராமங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பல்லாயிரம் குடும்பங்கள் தமது வீடுகளையும் செம்மண் தோட்டங்களையும் இழந்தன. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் அங்கே திறந்து வைக்கப்பட்டது. நிலங்கள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டு வந்துள்ளன. எனினும் முழுவதும் விடுவிக்கப்பட்டுவிட்டன என்று கூற முடியாத நிலையே நீடிக்கின்றது.

நிலம் பற்றிய கேள்வி

பலாலி எமக்குக் கற்பிக்கும் பாடம் இதுதான். அவசர காலத்தில் எடுக்கப்படும் நிலம், அவசரம் நீங்கியவுடன் தானாகத் திரும்பி வருவதில்லை. அதற்கு எழுத்துச் சான்றும், சட்ட அறிவும், இடைவிடாத குரலும் வேண்டும்.

இலங்கையில் 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் பொதுத் தேவைக்கான காணிச் சுவீகரிப்பை ஒழுங்குபடுத்துகின்றது. அதன் 2 ஆம் பிரிவின் கீழ் முதல் அறிவித்தல் ஒட்டப்படும். உரிமையாளர் ஆட்சேபிக்கவும் நட்டஈடு கோரவும் வழியுண்டு. எனினும் 38 ஆம் பிரிவின் காப்பு வாசகம் அவசரத் தேவையின் பேரில் உடனடியாக உடைமையை எடுக்க அனுமதிக்கின்றது. மறுபுறம் 39அ பிரிவு, எடுத்த காணி பொதுத் தேவைக்குப் பயன்படுத்தப்படாத நிலையில், குறித்த நிபந்தனைகளின் கீழ் அதனை முன்னைய உரிமையாளரிடம் மீளளிக்கவும் இடமளிக்கின்றது. முதலாவது பிரிவுகளை அதிகாரிகள் நன்கு அறிவர். கடைசிப் பிரிவை மக்களும் அறிந்திருத்தல் அவசியம்.

இது வெறும் பழங்கதை அன்று. கற்பிட்டித் தீபகற்பம் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பெரும் நில நெருக்கடிக்கு உள்ளாகியுள்ளது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுள் பெரும் பகுதியினர் புத்தளம் மாவட்டத்தையே வந்தடைந்தனர். மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்தோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். ஊர் மக்கள் உணவும் உடையும் கொடுத்து வரவேற்றனர். தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டகைகள் எழுந்தன. 1943 இல் படைவீரனுக்கு வேய்ந்த அதே கிடுகு, 1990 இல் வீடிழந்த குடும்பத்துக்கு வேயப்பட்டது. முன்னையது இரண்டு ஆண்டுகளில் கலைந்தது. பின்னையது பலருக்கு இருபது ஆண்டுகளையும் கடந்து நீடித்தது.

பின்னர் நுரைச்சோலையில் அனல் மின் நிலையம் எழுந்தது. அதன் முதற் பிரிவு 2011 ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பட்டது. கற்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதில் உள்ளூர் விமான நிலையமும் ஓர் அம்சமாகக் கூறப்பட்டது. மின்சாரமும் சுற்றுலாவும் விமானப் பயணமும் நாட்டுக்கு வேண்டியவையே. அவற்றை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மணற் பாங்கான நிலத்தில் கிணறு தோண்டி மிளகாயும் வெங்காயமும் பயிரிடும் விவசாயிக்கும், வாடி அமைத்து மீன்பிடிக்கும் தொழிலாளிக்கும் பெரும்பாலும் கையில் உறுதியில்லை. அனுபவம் மட்டுமே உண்டு. முன்னர் இங்கு யார் இருந்தார், எது யாருடைய துறை, எது பொதுப்பாதை என்ற வரலாறு எழுதப்படாதிருந்தால், அடுத்த திட்டத்தின் வரைபடத்தில் அவர்களின் நிலம் வெற்று நிலமாகவே தோன்றும்.

ஜேர்மனி காட்டும் வழி

விமானத் தளங்களை என்ன செய்வது என்ற வினாவை எம்மிலும் பெரிய அளவில் எதிர்கொண்ட நாடு ஜேர்மனி. நாஸி ஆட்சி போருக்கென அமைத்த தளங்களைப் பின்னர் அமெரிக்க, பிரித்தானிய, சோவியத் படைகள் தம்வசப்படுத்தின. 1990 இல் நாடு ஒன்றிணைந்த பின் அவற்றுள் பல வெறிச்சோடின. அமெரிக்கரின் ஹான் தளம் 1993 இல் கைமாறிப் பயணிகள் விமான நிலையமாயிற்று.

பெர்லின் நகரின் நடுவேயுள்ள டெம்பல்ஹொஃப் விமானத் தளம் 2008 ஒக்டோபரில் மூடப்பட்டு, 2010 ஆம் ஆண்டில் மக்கள் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2014 மே மாதத்தில் நடைபெற்ற வாக்கெடுப்பில், அந்நிலத்தில் கட்டடங்கள் எழுப்பலாகாது என மக்கள் தீர்ப்பளித்தனர். 2015 ஆம் ஆண்டில் சிரியாவிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் வந்த அகதிகள் அதன் விமானக் கொட்டகைகளில் தங்க வைக்கப்பட்டனர். எல்லாவற்றுக்கும் மேலாக, போர்க்காலத்தில் அங்கு விமானங்களைப் பொருத்துவதற்கு அடிமைகள் போல வேலை வாங்கப்பட்ட அந்நியத் தொழிலாளரின் முகாம்களைத் தொல்லியலாளர் அகழ்ந்து வெளிப்படுத்தினர். அந்த ஓடுபாதையில் இன்று நடைபயிலும் ஒருவர் விமானங்களின் பெருமையை மட்டுமன்றி, அங்கு வதைபட்டவர்களின் கதையையும் வாசிக்க முடிகின்றது.

ஜேர்மனியின் செல்வமும் எமது நிலையும் ஒன்றல்ல. பாலாவி இயங்கும் படைத் தளம். அதனைப் பூங்காவாக்கும்படி எவரும் கேட்கவில்லை. ஆயினும் தளத்தின் வரலாறு என்பது அங்கு உழைத்தவரின், அங்கிருந்து அகன்றவரின் வரலாறும் ஆகும் என்ற நேர்மையைப் பின்பற்றுவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

கற்பிட்டி மண் வரலாற்றெழுத்துக்குப் புதியதன்று. இங்கு 1807 இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834 ஆம் ஆண்டிலேயே இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் தொகுத்து நூலாக வெளியிட்டார். பல்கலைக்கழகமோ ஆய்வு நிதியோ இல்லாத காலத்தில் ஒரு தனிமனிதர் செய்த பணி அது.

இன்று அப்பணியைத் தொடர்வது கடினமன்று. முதலாவதாக, போர்க்காலத்தைத் தமது பெற்றோர் வாயிலாகக் கேட்டறிந்த முதியோர் எமது ஊர்களில் இன்னும் உள்ளனர். பாலாவி முதல் எத்தாளை, கற்பிட்டி வரையிலான பாடசாலைகளின் உயர்தர வரலாற்று மாணவர் அவர்களின் வாய்மொழியைத் திகதியிட்டுப் பதிவு செய்யலாம். இரண்டாவதாக, பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் கோவில்களிலும் உள்ள பழைய பதிவேடுகளையும், குடும்பங்களிடமுள்ள உறுதிகள், காணி அறிவித்தல்கள், கூலிச் சிட்டைகள் ஆகியவற்றையும் படியெடுத்துப் பாதுகாக்க வேண்டும். கறையான் ஒரு மழைக் காலத்தில் தின்பதை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தர இயலாது. மூன்றாவதாக, பிரதேச சபையும் விமானப்படையும் இணைந்து, பாதுகாப்புக்குப் பங்கமில்லாத இடமொன்றில் மும்மொழியிலும் தகவற் பலகை ஒன்றை நிறுவலாம். அதில் கோர்செயார் விமானத்தின் படத்துக்கு அருகில் பாகனின் படமும் இருத்தல் வேண்டும்.

இப்பதிவுகளால் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே ஓடுபாதையில் வியர்வை சிந்திய காலம் வெளிப்படும். நிலம் குறித்த அச்சங்கள் இனங்களைப் பிரிக்கும் இந்நாளில் அந்தப் பொது நினைவு சிறிய பயனன்று. பெயர் சூட்டிய கடற்படை ராஜாளியை எப்போதோ மறந்துவிட்டது. அது இறங்கிய மண்ணுக்குரியவர்களாகிய நாமும் மறப்போமாயின், நாளை இந்த நிலத்தைப் பற்றி எவர் எதை எழுதினாலும் மறுத்துரைக்க எம்மிடம் ஓர் ஏடும் இராது.